முசே படகுக்கு நான் வைத்த குழாய்

அலுமினிய அன்னக்கூடையை அவள் என் பட்டறை வாசலில் இறக்கி வைக்கவில்லை. போட்டாள். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டது. கூடையிலிருந்து இரண்டு காரப்பொடி மீன் எகிறி, நான் மரை போட்டுக்கொண்டிருந்த குழாய்க்குப் பக்கத்தில் விழுந்தன.

"யோவ் மேஸ்திரி! படகுல குழா வச்சது நீ. கம்பி எண்றது எம் புருசனா?"

முத்தியால்பேட்டையில் காலை நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள். தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தலைகள் வெளியே வந்தன.

"அஞ்சல, உள்ள வந்து பேசும்மா" என்றேன்.

"உள்ள வந்து பேசறதுக்கு நான் இன்னா பொண்ணு கேட்டா வந்தேன்? இங்கியே பேசறேன். தெருவே கேக்கட்டும்."

அஞ்சலை, கனகசெட்டிக்குளத்துச் சிங்காரத்தின் பெண்சாதி. தலையில் மீன் சுமந்து முத்தியால்பேட்டை வரைக்கும் நடந்து வந்து விற்பவள். சிங்காரம், ஊரே பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று கூப்பிடும் அருளப்பனின் பாய்மரப் படகுக்குக் காவல்காரன். நோணாங்குப்பம் உப்பங்கழியில் நங்கூரம் போட்டுக் கிடந்த அந்தப் படகு, மாசிமகத்தன்று பட்டப்பகலில், காற்றில்லாமல் அலையில்லாமல், நின்ற இடத்திலேயே மூழ்கிப் போயிருந்தது. பாய்மரம் மட்டும் தண்ணீருக்கு மேலே சாய்ந்து நின்றது. சிங்காரம்தான் மூழ்கடித்தான் என்று முசே எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் அவனை ஸ்டேஷனில் 'உட்கார வைத்திருந்தார்கள்'.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "காவக்காரன் குடிச்சிட்டு அடைப்பப் புடுங்கிட்டான்" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு இலை போட்டும் சோறு இறங்கவில்லை. இத்தனை வருசம் ஆகியும் ஒரு பொய் செருப்புப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறதென்றால், உண்மைக்கு ஒரு வண்டியாவது பூட்ட வேண்டாமா? அதனால் இந்த வாரம் இந்தப் பத்தியில் வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

மூஞ்சியில் குழாய் கூடாது

அது பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிற்பாடு. மூவர்ணக் கொடி ஏறிவிட்டது. ஆனால் ஊரை ஒப்படைக்கிற கையெழுத்து இன்னும் முழுசாக ஆகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்ட காலம். கப்பலேறிப் போகிற வெள்ளைக்காரர்கள் பியானோவையும் அலமாரியையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அப்படி ஒருவர் விட்டுப் போனதுதான் அந்தப் படகு. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, உள்ளே தேக்குப் பலகை பதித்து, புதுப்பெண் மாதிரி இருக்கும்.

வாங்கினவர் முசே அருளப்பன். தமிழர்தான், பிரெஞ்சுக் குடியுரிமை. சைகோனில் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெயிலிலும் கோட்டு. தானே பாய் விரித்துக் காரைக்கால் வரை போய் வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசையில் குற்றமில்லை. நல்ல மனிதர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மரப் படகு என்றால் எங்கேயாவது கசியும். கசிந்த தண்ணீர் அடிப்பலகைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேரும். அதைத் தகர டப்பாவால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான் சிங்காரம். முசேவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பித்தளைக் கைப்பம்பு வாங்கி வந்தார். கைப்பிடியை அடித்தால் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சி, இன்னொரு குழாய் வழியாக வெளியே தள்ளும். உள்ளே தோல் வால்வு. பழைய சாமான்.

அதை மாட்ட ஏன் என்னைக் கூப்பிட்டார்? அதற்கு என் பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். பம்பு கம்பெனிக்காரர்களின் படப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தொழில் கற்றேன். ஆனாலும் வெள்ளைக்காரத் தெருக்களில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. 'கோவிந்தசாமி வச்ச குழாய் கண்ணுக்குத் தெரியாது' என்பார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெருப்பக்கம் குழாய் தெரிந்தால் மானம் போய்விடும். சுவரை வெட்டி, குழாயைப் புதைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, கல்யாணப் பந்தல் போடுகிற நேர்த்தியோடு மறைத்துக் கொடுப்பேன்.

ஒரு தடவை இந்த நேர்த்தியே வினையாகிவிட்டது. ஒரு வீட்டில் தண்ணீரை நிறுத்தும் வால்வை அத்தனை அழகாகச் சுவருக்குள் ஒளித்து வைத்தேன். இரண்டு வருசம் கழித்துக் குழாய் வெடித்தது. வால்வு எங்கே என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் நினைவில்லை. மூன்று சுவரை இடித்தோம். அது நாலாவது சுவரில் இருந்தது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நொன், நொன்

படகைப் பார்த்ததும் நான் சொன்னது இதுதான்: "முசே, வெளித்தள்ளற குழாய மேல கொண்டுபோய், தளத்துக்கு அடியில ஒரு வளைவு வளைச்சு, தண்ணி மட்டத்துக்கு நல்லா மேல ஓட்ட போட்டு விட்டுடலாம்."

முசே படகின் வெள்ளை விலாவைத் தடவிப் பார்த்தார்.

"இங்கயா? ஓட்டையா? அதுலேர்ந்து அழுக்குத் தண்ணி வழிஞ்சு பெயிண்ட்ல கோடு விழும். நொன், நொன். கூடாது. வீட்டு மூஞ்சியில குழா வப்பியா நீ?"

"இது வீடு இல்லீங்களே முசே."

"வீடுதான். தண்ணி மேல இருக்குற வீடு. ஓட்டைய தண்ணிக்குக் கீழ போடு. யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?"

"கீழ போட்டா கடல் உள்ள வருமுங்க."

"எப்படி வரும்? நடுவுல பம்பு இருக்கு, பம்புக்குள்ள வால்வு இருக்கு."

"தோல் வால்வுங்க. ஒரு மரத்தூள் மாட்டுனா வாயப் பொளந்துக்கும். குழாய் நெறைய தண்ணி நின்னுதுன்னா, மண்ணெண்ணெய்க் கடையில ரப்பர் குழா போட்டு இழுக்கற மாதிரி..."

"கோவிந்து, நான் மண்ணெண்ணெய்க் கடை வைக்கல."

சிங்காரம் அப்போது படகின் பின்பக்கம் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சொன்னான்: "எங்க கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லயே கெடையாது மேஸ்திரி. வயிறு இருந்தாதான வயித்து வலி? நாலு மரத்தக் கட்டிப் போட்டா, வர தண்ணி வந்த வழியே பூடும்."

நான் சிரித்தேன். முசே சிரிக்கவில்லை.

வெளித்தள்ளும் குழாயின் பித்தளை வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வைத்தேன். பம்பு ஏணிப்படிக்குப் பக்கத்தில், மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கிருந்து குழாய் தேக்குப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து இறங்கும். சணல் சுற்றி, வெள்ளைப் பசை தடவி, ஒரு சொட்டுக் கசியாமல் முடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முசே கை கொடுத்தார். நானும் பல்லை இளித்துக்கொண்டு கொடுத்தேன்.

சொல்லட்டுமா? வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. மறைத்து வைக்கச் சொன்னதும் என் கைக்கு ஒரு அரிப்பு வந்துவிட்டது. பல்லக்குத் தூக்கினால் பாதி பெருமை தூக்கினவனுக்கு என்று நினைக்கிற ஜாதி நான்.

எத்தனை அடி அடித்தான்

மாசிமகத்துக்குச் சாமிகள் எல்லாம் கடலுக்கு வருகிற நாள். சிங்காரத்தின் ஊர்ச் சாமியைத் தோளில் தூக்குகிற முறை அந்த வருசம் அவனுடைய பங்காளிகளுக்கு. லீவு கேட்டான். முசே மறுத்தார். "சாமிய இன்னொருத்தன் தூக்குவான். படக யார் பார்ப்பா?" என்றாராம். சிங்காரம் போய்விட்டான். போகாமல் எப்படி இருப்பான்? ஒருத்தன் தோள் காலியாக இருந்தால் சாமி சாயுமே.

சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பாய்மரம் மட்டும் நிற்கிறது.

முசே போட்ட கணக்கு எளிது. லீவு கொடுக்காத கோபத்தில், படகின் அடியில் தண்ணீர் வடிக்க வைத்த துளையின் அடைப்பைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் மீனவர்கள் முங்கிப் பார்த்து, அடைப்பு அடைத்தபடி இருக்கிறது, புதுசாக ஓட்டை ஒன்றும் இல்லை என்றார்கள். "மூழ்கின பிறகு அவனே திருப்பி அடைச்சிருப்பான்" என்றார் முசே. கேளுங்கள் நியாயத்தை! குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே காதில் விழுந்தது. ஆனால் கடையைத் திறந்தேன், குழாய்க்கு மரை போட்டேன், டீ குடித்தேன். என் குழாய் ஒரு சொட்டுக் கசியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள்.

மூன்றாம் நாள்தான் அஞ்சலை வந்து அன்னக்கூடையைப் போட்டது.

"உட்கார வச்சிருக்காங்களாமே" என்றேன், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஆமா, உக்கார வச்சிருக்காங்க. தாம்பூலம் குடுத்து, விசிறி விட்டு! பொறந்ததுலேர்ந்து கடல்ல நின்னவன்யா அவன். அவன ஒரு மூலையில குந்த வச்சா செத்துப் பூடுவான்."

"என் குழாயில கோளாறு இல்லம்மா. நான் ஒழுங்காத்தான்..."

"நான் கோளாறுன்னு சொன்னேனா? நீயே சொல்ற." அவள் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன். போறதுக்கு முன்ன அந்தப் பித்தள சனியன அடிச்சு, இருந்த தண்ணியெல்லாம் வடிச்சிட்டுதான் போனேன்னு கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்றான். ஒரு நாளைக்கு இருவது அடி அடிப்பானாம். அன்னிக்கு ஊருக்குப் போறமேன்னு நூறு அடி அடிச்சானாம். அடிச்சவன் எதுக்குய்யா மூழ்கடிப்பான்?"

கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தேன்.

நூறு அடி. அத்தனை அடித்தால் அடிப்பள்ளத்தில் கிடந்த மரத்தூள் முழுவதும் கிளம்பி வந்து வால்வில் உட்கார்ந்திருக்கும். குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து நின்றிருக்கும். அவன் கை எடுத்த நிமிசத்தில் தண்ணீர் நின்று, யோசித்து, திரும்பியிருக்கும். வெளியே கடல் உயரம், உள்ளே பள்ளம். பள்ளம் கண்ட இடத்தில் பாயாமல் அது என்ன செய்யும்?

அவன் வேலையைச் செய்யாமல் போயிருந்தால் படகு மிதந்திருக்கும். அஞ்சு மடங்கு ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனான், அதனால் மூழ்கியது. அதற்கு அவன் மூலையில் குந்தியிருக்கிறான்.

"அஞ்சல, அந்த மீன எங்கியாவது கொட்டு" என்றேன். "கூடை வேணும்."

அன்னக்கூடைப் படகு

வழியில் மண்ணெண்ணெய்க் கடையில் ரப்பர் குழாயை இரவல் வாங்கினேன். ஸ்டேஷன் முற்றத்தில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி உண்டு. நிறையத் தண்ணீர். முசேவும் அன்று அங்கேயே இருந்தார், கோட்டோடு. சிங்காரம் சுவரோரம் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். அதற்கு அவன் ஒரு அறை விட்டிருக்கலாம்.

அங்கே இருந்த அதிகாரி பொறுமைசாலி. "என்ன விஷயம்?" என்றார்.

"ஐயா, படகு மூழ்கினத காட்டறேன்" என்றேன்.

அன்னக்கூடையைத் தொட்டியில் மிதக்க விட்டேன். பாரத்துக்கு மூன்று செங்கல். "இது முசே படகு." ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் முக்கி நிரப்பி, இரண்டு முனையையும் கட்டை விரலால் அடைத்தேன். "இது சிங்காரம் நூறு அடி அடிச்சு நெறச்ச தண்ணி." ஒரு முனையைக் கூடைக்குள் போட்டேன். மறு முனையைத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே விட்டேன். "இது முசே சொன்ன இடத்துல நான் வச்ச ஓட்டை." விரலை எடுத்தேன்.

யாரும் கை வைக்கவில்லை. தொட்டித் தண்ணீர் குழாயில் ஏறி, கூடை விளிம்பைத் தாண்டி, உள்ளே கொட்டிக்கொண்டே இருந்தது. கூடை தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் 'களுக்'கென்று ஒரு முழுங்கு. கூடை அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"என் கூட!" என்றாள் அஞ்சலை.

எடுத்துக் கொட்டி, மறுபடி மிதக்க விட்டேன். இந்தத் தடவை குழாயை மறுபடி நிரப்பி, வெளி முனையைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்தேன். குழாயில் இருந்தது மட்டும் கூடைக்குள் வடிந்தது. அவ்வளவுதான். கூடை ஜம்மென்று மிதந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுமா கீழ வச்சே?"

"தெரிஞ்சுதான் வச்சேங்க. வேணாம்னு ரெண்டு தரம் சொன்னேன். அப்புறம் வாய மூடிக்கிட்டேன். தப்பு என்னுது பாதி."

"மீதி?"

நான் முசேவைப் பார்த்தேன். கோட்டுப் பித்தானைத் திருகினார். தொட்டியைப் பார்த்தார். சிங்காரத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நான் மேஸ்திரி இல்லையே" என்றார். "எனக்கு எப்படித் தெரியும்? மேஸ்திரிதான் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

மூழ்கிய படகைவிட அந்த வார்த்தைதான் எனக்குக் கனம். செய்யச் சொல்லும்போது அவர் எஜமான், நான் கை. கெட்டுப்போன பிறகு நான் எஜமான், அவருக்கு ஒன்றும் தெரியாது! எய்தவன் இருக்க அம்பை நோவதாவது ஊர் வழக்கம். இவர் முதல் இரண்டு நாள், அம்பறாத்தூணியைக் காவல் காத்தவனை அல்லவா நொந்தார்?

பிறகு அதிகாரியிடம் திரும்பி, "போகட்டும். நான் புகாரை வாங்கிக்கறேன். அவனை மன்னிச்சுட்டேன்" என்றார்.

மன்னித்துவிட்டாராம்! எதற்கு? நூறு அடி அடித்ததற்கா? மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் போன பிறகும் 'மன்னிச்சுட்டேன்' என்ற அந்தச் சொல் முற்றத்திலேயே நின்றது. கல்யாணப் பந்தியில் நான் கேட்ட கதை அந்தச் சொல்லுக்குப் பிறந்த பிள்ளைதான். மன்னித்தார் என்றால் குற்றம் இருந்திருக்கும் என்றுதானே ஊர் நினைக்கும்?

சிங்காரம் எழுந்தான். கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான். என் பக்கத்தில் வந்ததும், "நூறு அடி அடிச்சது தப்பா மேஸ்திரி?" என்றான். நிஜமாகவே கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

"இல்லடா" என்றேன். "இல்லவே இல்ல."

பித்தளை வாய்

பத்துப் பன்னிரண்டு கட்டுமரக்காரர்கள் சேர்ந்து படகைத் தூக்கினார்கள். முசே ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். குழாயைத் தேக்குப் பலகைக்கு முன்னால், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஏற்றி, தளத்துக்கு அடியில் வளைத்து, வெள்ளை விலாவில், மட்டத்துக்கு மிக உயரத்தில் ஓட்டை போட்டேன்.

"அந்தப் பித்தளைக்காவது வெள்ளை பெயிண்ட் அடிச்சுடு" என்றார் முசே.

"அடிக்க மாட்டேன் முசே" என்றேன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு மறைத்துக் குழாய் வைக்கும் வேலைக்கு யார் கூப்பிட்டாலும், வால்வு எங்கே இருக்கிறதென்று சுவரில் ஒரு அம்புக்குறி போடாமல் நான் இறங்கி வந்ததில்லை. வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். கத்தட்டும்.

சிங்காரத்துக்கு வேலையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அனுப்பினார் முசே. சிங்காரம் வரவில்லை. வயிறு இல்லாத மரத்திலேயே கடலுக்குப் போனான்.

ஒரு வாரம் கழித்து அஞ்சலை பட்டறைக்கு வந்தாள். இந்தத் தடவை அன்னக்கூடையை மெதுவாக இறக்கி வைத்தாள். விளிம்பில் ஒரு நசுங்கல். அன்று போட்டதில் ஆனது. ஒரு பெரிய முள்ளுவாளையை எடுத்து, நான் மரை போடுகிற பலகை மேல் வைத்தாள். முள்ளுவாளை தெரியுமல்லவா? ருசிக்குக் குறைவில்லை. ஆனால் முள்தான் மீன், நடுவில் கொஞ்சம் சதை.

"எவ்ளோம்மா?" என்றேன்.

"விக்க வரல. எம் புருசன் குடுத்துட்டு வரச் சொன்னான். வஞ்சிரம் குடுன்னான். நான்தான் மாத்திட்டேன்."

"ஏன்?"

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்ததுக்கு மீனு மேஸ்திரி. ரெண்டு நாளு கழிச்சித் தொறந்ததுக்கு முள்ளு."

அன்று மத்தியானம் வீட்டில் குழம்பு வைத்தார்கள். நான் ஒவ்வொரு முள்ளாக எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, முழுவதையும் தின்றேன்.